மணவிலக்கு வழக்கும் மன்றங்களின் வாசலும்

திருமணம் முறிவதைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல உண்டு. 'விவாகரத்து' என்பது வழக்குமன்றத்தின் சொல். 'மணவிலக்கு', 'மணமுறிவு' என்பன ஏட்டுத் தமிழ் ஆக்கிக்கொண்டவை. 'தீர்த்துவிடுதல்', 'அத்துவிடுதல்' என்பன ஊர்வழக்கு. 'தலாக்', 'குலா' என்பன இசுலாமியத் தமிழர் இல்லங்களில் வழங்குபவை. ஒரே நிகழ்ச்சிக்கு இத்தனை பெயர்கள் அமைந்ததற்குக் காரணம் சொல்வளம் மட்டுமன்று. இச்சொற்களுக்குப் பின்னால் வெவ்வேறு மன்றங்கள் இருந்தன. ஊர்க் கூட்டம், திருச்சபை, காஜி, ஆங்கிலேயரின் நீதிமன்றம் எனப் பலரும் இவ்வுறவின்மேல் அதிகாரம் கொண்டாடினர்.

மணவிலக்கு வழக்கில் நியாயம் யார் பக்கம் என்ற கேள்வி இரண்டாவதாகவே எழும். அவ்வழக்கைக் கேட்கும் அதிகாரம் எந்த மன்றத்திற்கு உண்டு என்பதே முதற்கேள்வி. சட்ட நூல்கள் இதனை 'அதிகார வரம்பு' என்ற வறண்ட தலைப்பில் அடக்கிவிடுகின்றன. ஆயின் அத்தலைப்பின் வரலாற்றைத் தொடர்ந்து நோக்கினால், அஃது ஒரு தூரத்தின் வரலாறாக விரிவதைக் காணலாம். தன் வீட்டு வாசலிலிருந்து நீதிமன்ற வாசல்வரை ஒரு பெண் நடக்கவேண்டியிருந்த தூரமே அது. நியாயம் தன் பக்கம் இருந்தும், அந்தத் தூரத்தைக் கடக்க இயலாமையால் தோற்றவர் பலர். அத்தூரம் எவ்வாறு நீண்டது, எவ்வாறு குறைந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

துரும்பு கொடுத்தல்

இந்துக்களின் சாத்திர நூல்கள் திருமணத்தைப் பிரிக்கவொண்ணாச் சடங்காகக் கொண்டன என்பது பொதுவாகச் சொல்லப்படும் செய்தி. தமிழகத்துச் சாதிகள் பலவற்றில் நடைமுறை வேறாக இருந்தது. கணவனும் மனைவியும் ஊர்ப் பெரியோர் முன்னிலையில் பிரிந்து, இருவரும் மறுமணம் செய்துகொள்ளும் வழக்கம் பல சமூகங்களில் நிலவியது. 'அறுத்துக் கட்டுதல்' என்னும் தொடர் அவ்வழக்கத்தின் எச்சம். மதுரைச் சீமையில், உறவினர் கூடிய இடத்தில் கணவன் மனைவியின் கையில் ஒரு துரும்பைக் கொடுத்தால் மணம் முறிந்ததாகக் கொள்ளும் மரபு இருந்ததை ஆங்கிலேய அதிகாரிகளின் ஏடுகள் பதிவு செய்துள்ளன. 'துரும்பு கொடுத்தல்' என்றாலே மணத்தைத் தீர்த்துவிடுதல் என்றும், 'துரும்பு வாங்குதல்' என்றால் அதற்கு உடன்படுதல் என்றும் பொருள் கொள்ளப்பட்டதாக அவை கூறுகின்றன.

இம்மன்றத்தின் அதிகார வரம்பு சாதியின் எல்லையே. எழுத்துக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் இல்லை, நடக்கும் தொலைவும் மிகக் குறைவு. எனினும் இதனைப் பொற்காலமாகக் கருதிவிடுதல் கூடாது. கூட்டத்தில் பேசியோர் பெரும்பாலும் ஆடவரே. அபராதமும் தள்ளிவைப்பும் அவர்தம் கையில் இருந்தன. வாசல் அருகில் இருந்தது. அதனுள் பெண்ணின் குரல் எவ்வளவு கேட்டது என்பது ஊருக்கு ஊர் வேறுபட்டது.

இவ்வழக்கம் பழங்கதையாகிவிடவும் இல்லை. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, வழக்காற்றின்படி பெறும் மணவிலக்கைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. ஆயினும் அத்தகைய வழக்காறு தம் சமூகத்தில் தொன்றுதொட்டு இடையறாது உள்ளது என்பதை, அதனை எடுத்துக்கூறுவோர் நீதிமன்றத்தில் மெய்ப்பித்தல் வேண்டும் என 2002இல் உச்சநீதிமன்றம் வலியுறுத்தியது. ஊர்க் கூட்டத்தின் தீர்ப்பு செல்லுமா என்பதை இன்று அரசின் மன்றமே சொல்கிறது. துரும்பின் வலிமை, அதனை ஏற்கும் நீதிபதியின் எழுதுகோலில் அடங்கிவிட்டது.

திருச்சபையும் நாடாளுமன்றமும்

இந்தியாவின் மணவிலக்குச் சட்டங்களுக்கு முன்மாதிரியாய் அமைந்த இங்கிலாந்தில், இவ்வழக்குகள் நெடுங்காலம் அரசின் பொது நீதிமன்றங்களுக்கு உட்படவில்லை. திருமணம் திருச்சபையின் பொருள். ஆதலின் திருச்சபை நீதிமன்றங்களே அதனை விசாரித்தன. அவை கணவன் மனைவியர் தனித்து வாழ அனுமதிக்கலாம். திருமணம் தொடக்கம் முதலே செல்லாதது என்றும் அறிவிக்கலாம். செல்லுபடியான திருமணத்தை அறுத்து மறுமணத்திற்கு வழிவிடும் அதிகாரம் அவற்றிற்கு இல்லை.

அதனை வேண்டுவோர் மூன்று படிகள் ஏறவேண்டும். முதலில் திருச்சபை மன்றத்தில் பிரிவாணை பெறல். அடுத்து, மனைவியோடு தொடர்பு கொண்டவன்மேல் பொது நீதிமன்றத்தில் இழப்பீட்டு வழக்குத் தொடுத்தல். இறுதியாக, தன் ஒருவனுக்கென நாடாளுமன்றத்தில் தனிச் சட்டம் ஒன்றை நிறைவேற்றிக்கொள்ளல். 1857க்கு முந்திய ஒன்றே முக்கால் நூற்றாண்டில் இவ்வாறு மணவிலக்குப் பெற்றோர் 300 பேருக்குச் சற்று மேற்பட்டவர் மட்டுமே. அவருள் பெண்கள் நால்வர்.

1840களில், மனைவி விட்டுப் போனபின் மறுமணம் செய்துகொண்ட ஏழைத் தொழிலாளி ஒருவன் இருதார மணக் குற்றத்திற்காக நீதிபதி மோல் என்பவர் முன் நிறுத்தப்பட்டான். அவன் ஏறியிருக்கவேண்டிய மூன்று படிகளையும், ஒவ்வொன்றுக்கும் ஆகும் நூற்றுக்கணக்கான பவுன் செலவையும் அந்நீதிபதி ஒவ்வொன்றாக எடுத்துரைத்து, செல்வருக்கும் வறியவருக்கும் சட்டம் ஒன்றே என்று கசப்பான அங்கதத்தோடு முடித்தார் என்பது சட்ட வரலாற்றில் புகழ்பெற்ற செய்தி. அதே காலத்தில் கரோலின் நார்ட்டன் என்னும் எழுத்தாளர், தம் கணவரிடமிருந்து விடுதலையும், பெற்ற பிள்ளைகளைக் காணும் உரிமையும் இன்றித் தவித்தார். அவர் எழுதிய துண்டு நூல்களும், 1855இல் அரசியார்க்கு எழுதி வெளியிட்ட கடிதமும் நாட்டின் மனச்சான்றை அசைத்தன. ஓர் எழுதுகோல் நீதிமன்றத்தின் அதிகார வரம்பை மாற்றுவதில் பங்குகொண்டது என்பது இலக்கிய அன்பர்கள் நினைவிற்கொள்ளத் தக்கது.

1857ஆம் ஆண்டுச் சட்டம் திருச்சபை மன்றங்களின் மண அதிகாரத்தை நீக்கி, மணவிலக்கிற்கென ஓர் அரசு நீதிமன்றத்தை நிறுவியது. 1858 சனவரி முதல் அது செயற்பட்டது. ஆயின் அம்மன்றம் லண்டனில் மட்டுமே அமர்ந்தது. மனைவி பிறழ்ந்தாள் என்பது கணவனுக்குப் போதும். மனைவிக்கோ, கணவன் பிறழ்ந்ததோடு கொடுமையோ கைவிடலோ வேறு கொடுங்குற்றமோ புரிந்தான் என்பதையும் மெய்ப்பிக்கவேண்டும். கதவு திறந்தது, தலைநகரில் மட்டும் திறந்தது, அதிலும் பெண்ணுக்குப் பாதிக் கதவே திறந்தது.

சென்னைக்கு வந்த சட்டம்

1801இல் சென்னையில் தொடங்கிய உச்ச நீதிமன்றத்திற்குத் திருச்சபை வழக்குகளைக் கேட்கும் அதிகாரமும் தரப்பட்டிருந்தது. பம்பாயிலும் கல்கத்தாவிலும் அவ்வாறே. இவ்வதிகாரம் யாரைச் சாரும் என்பது 1856இல் பிரிவி கவுன்சிலின் முன் வந்தது. பம்பாயைச் சேர்ந்த பார்சிப் பெண் ஒருவர், தம் கணவர் தம்மைச் சேர்த்துக்கொள்ள ஆணையிடவேண்டும் என அந்நீதிமன்றத்தின் திருச்சபைப் பிரிவை நாடியிருந்தார். கிறித்தவ நெறியின் மேல் எழுந்த சட்டத்தைப் பார்சியர்க்குப் பொருத்தலாகாது எனப் பிரிவி கவுன்சில் கூறிவிட்டது. அப்பெண்ணின் வழக்கு பொய்யென யாரும் சொல்லவில்லை. தட்டிய கதவு அவருக்குரியதன்று என்பதே தீர்ப்பு.

அதன்பின் பார்சியர் தமக்கெனச் சட்டம் கோரினர். 1865இல் பார்சித் திருமண, மணவிலக்குச் சட்டம் வந்தது. பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் பார்சித் தலைமை மண நீதிமன்றங்கள் அமைக்கப்பட்டன. நீதிபதியோடு அச்சமூகத்தைச் சேர்ந்த பிரதிநிதிகளும் அமர்ந்து, நடந்தது என்ன என்பதைத் தீர்மானிக்கும் முறை அங்கே ஏற்பட்டது. இந்திய நீதிமன்றங்களில் ஜூரி முறை மறைந்துபோன பின்னும் அதன் சாயல் இந்த ஒரு மன்றத்தில் நிலைத்தது வியப்பிற்குரியது.

கிறித்தவர்க்கான இந்திய மணவிலக்குச் சட்டம் 1869இல் நிறைவேறியது. ஆங்கிலச் சட்டத்தின் ஏற்றத்தாழ்வை அஃது அப்படியே ஏற்றது. அதற்குமேல் ஒரு படியையும் சேர்த்தது. மணவிலக்கு வழங்கும் அதிகாரம் மாவட்ட நீதிமன்றத்திற்கும் உயர் நீதிமன்றத்திற்கும் மட்டுமே உண்டு. மாவட்ட நீதிபதி அளித்த தீர்ப்பும், உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு உறுதி செய்தாலன்றிச் செல்லாது என அது விதித்தது.

அச்சட்டம் வந்தபோது மாயூரத்தில் மாவட்ட முன்சீப்பாக இருந்தவர் வேதநாயகம் பிள்ளை. தமிழின் முதல் புதினத்தைப் பின்னாளில் எழுதியவர். நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் பெயர்த்து 1862இல் 'சித்தாந்த சங்கிரகம்' என வெளியிட்டவர். பெண்கல்விக்காகக் குரல் கொடுத்தவர். சட்டத்தின் மொழி மக்களுக்குப் புரியவேண்டும் என்று அவ்வளவு பாடுபட்ட அந்நீதிபதியின் மன்றத்தில், கிறித்தவப் பெண் ஒருத்தி மணவிலக்கு மனுவைக் கொடுக்க இயலாது. நிலமும் கடனும் பற்றிய வழக்குகளை அவர் கேட்கலாம். மணத்தைப் பற்றிய வழக்கிற்கு அவள் மாவட்டத் தலைமை நீதிமன்றத்திற்குச் செல்லவேண்டும்; வென்றபின் அத்தீர்ப்பு சென்னைக்குச் செல்லவேண்டும். தமிழறிந்த மன்றத்தைத் தாண்டி ஆங்கிலம் மட்டுமே அறிந்த மன்றத்திற்கு வழக்கு சென்றது எனலாம்.

இந்த உறுதிப்பாட்டு முறை ஏறத்தாழ 130 ஆண்டுகள் நீடித்தது. 2001ஆம் ஆண்டுத் திருத்தமே அதனை நீக்கியது. ஆணுக்கொரு காரணம், பெண்ணுக்கு இரண்டு காரணம் என்ற வேற்றுமையையும் அத்திருத்தமே அகற்றியது. திருநெல்வேலியில் மணவிலக்குப் பெற்ற கிறித்தவப் பெண், தன் தீர்ப்பு 600 கிலோமீட்டருக்கு அப்பால் உறுதியாகும் நாளை எண்ணிக் காத்திருந்த காலம் தொலைவில் இல்லை.

ஒருவழிக் கதவு

இந்துப் பெண்ணின் நிலை இதனினும் கடுமையானது. கிறித்தவப் பெண்ணுக்கு நெடுந்தொலைவில் ஒரு கதவேனும் இருந்தது. இந்துப் பெண் தன் மணத்தைக் கலைக்குமாறு கேட்க ஆங்கிலேயரின் நீதிமன்றத்தில் கதவே இல்லை. ஆயின் அதே நீதிமன்றம் அவளைக் கணவனிடம் அனுப்பும் அதிகாரத்தைத் தன்னிடம் வைத்திருந்தது. சேர்ந்து வாழும் உரிமையை மீட்டுத் தரும்படி கணவன் தொடுக்கும் வழக்கைப் பொது உரிமையியல் மன்றங்கள் கேட்கலாம் என்று, இசுலாமியத் தம்பதியர் வழக்கொன்றில் 1867இல் பிரிவி கவுன்சில் ஏற்றிருந்தது.

இந்த முரண் முழுமையாக வெளிப்பட்டது பம்பாயில் நடந்த ருக்மாபாய் வழக்கில். 11 வயதில் மணம் செய்விக்கப்பட்டுத் தாய்வீட்டிலேயே வளர்ந்து கல்வி கற்ற ருக்மாபாய், கணவர் தாதாஜி பிகாஜியுடன் வாழச் செல்ல மறுத்தார். 1884இல் கணவர் வழக்குத் தொடுத்தார். 1885இல் நீதிபதி பின்ஹே அவ்வழக்கைத் தள்ளினார். மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு நிலைக்கவில்லை. 1887இல் நீதிபதி ஃபாரன், ருக்மாபாய் கணவனிடம் செல்லவேண்டும், அன்றேல் ஆறு திங்கள் சிறை என்று ஆணையிட்டார். சிறைக்குச் செல்லத் தாம் ஆயத்தம் என ருக்மாபாய் நின்றார். தம் பெயரை மறைத்து 'ஓர் இந்துப் பெண்' என்ற பெயரில் இதழில் அவர் முன்னரே எழுதிய கடிதங்கள் நாடெங்கும் விவாதத்தை மூட்டியிருந்தன. 1888இல் கணவர் 2,000 ரூபாய் பெற்றுக்கொண்டு தம் கோரிக்கையைக் கைவிட்டார். ருக்மாபாய் லண்டன் சென்று மருத்துவம் பயின்று, திரும்பி வந்து சூரத்தில் மருத்துவராகப் பணியாற்றினார்.

அவ்வழக்கில் வென்றது பணம், சட்டம் அன்று. ருக்மாபாயைச் சிறைக்கு அனுப்பும் அதிகாரம் பம்பாய் உயர் நீதிமன்றத்திற்கு இருந்தது. அவருடைய மணத்தை முடித்துவைக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. உள்ளே தள்ளுவதற்கு மட்டும் திறந்து, வெளியே விடுவதற்குத் திறவாத ஒருவழிக் கதவாக அந்த அதிகார வரம்பு அமைந்திருந்தது.

இலங்கையிலிருந்து எழுந்த விதி

பேரரசு முழுவதற்கும் மணவிலக்கு அதிகாரத்தின் அளவுகோலை வகுத்த தீர்ப்பு இலங்கையிலிருந்து எழுந்தது. இலங்கைக் குடியியற் பணியில் இருந்த ஆங்கிலேயர் லெமெசூரியர் என்பார், மனைவியிடமிருந்து மணவிலக்குக் கோரி அங்குள்ள நீதிமன்றத்தை நாடினார். நெடுநாள் இலங்கையில் வாழ்ந்தபோதிலும் அவருடைய நிலையான தாயகம், சட்ட மொழியில் 'டொமிசைல்', இங்கிலாந்தே என்றும், தாயகத்து நீதிமன்றமே மணத்தை அறுக்க வல்லது என்றும் 1895இல் பிரிவி கவுன்சில் முடிவுகூறியது.

இவ்வழக்கில் ஒரு நகைமுரண் அடங்கியுள்ளது. கண்டிச் சிங்களரின் சட்டமரபைக் கூறும் 'நீதி நிகண்டுவ' என்னும் நூலைப் பனாபொக்கே என்பாருடன் இணைந்து 1880இல் ஆங்கிலத்தில் பெயர்த்தவர் இதே லெமெசூரியர். கண்டி மரபில் கணவனும் மனைவியும் மன்றம் ஏறாமலே மனமொத்துப் பிரியலாம். பிறருடைய எளிய கதவை ஏட்டில் விளக்கியவர்க்குத் தம் சொந்தக் கதவு ஐயாயிரம் கல் தொலைவில் இருந்தது.

இவ்விதியின் முழுப் பாரமும் விழுந்தது மனைவியர்மேல். அக்காலச் சட்டப்படி மனைவியின் தாயகம் கணவனின் தாயகமே. கைவிட்டுச் சென்ற கணவன் வேறு நாட்டில் நிலைத்துவிட்டால், அவளது தாயகமும் அவனோடு கடல்கடந்துவிடும். மணவிலக்குக் கேட்க அவள் அவன் சென்ற நாட்டிற்கே போகவேண்டும். நீதிமன்றத்தால் பிரித்துவைக்கப்பட்ட மனைவிக்கும் இவ்விதி பொருந்தும் என 1926இல் கனடாவின் ஆல்பர்ட்டா வழக்கில் பிரிவி கவுன்சில் கூறியது. இங்கிலாந்தில் மனைவிக்குத் தனித் தாயகம் உண்டு என்பது 1973ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் முழுமையாக ஏற்கப்பட்டது.

இந்தியாவிலும் இவ்விதி ஒரு குழப்பத்தை விளைவித்தது. இங்கிலாந்தைத் தாயகமாகக் கொண்டு இங்கே பணியாற்றிய பலர்க்கு இந்திய நீதிமன்றங்கள் 1869ஆம் ஆண்டுச் சட்டப்படி மணவிலக்கு அளித்துவந்தன. அதற்கு அவற்றிற்கு அதிகாரமே இல்லை என 1921இல் லண்டன் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறுமணம் செய்து பிள்ளை பெற்றோர் பலர் திடீரென இருதார மணம் புரிந்தோர் ஆயினர். அவசரமாக அவ்வாண்டே ஒரு சட்டம் இயற்றி முந்தைய மணவிலக்குகளைச் செல்லுபடியாக்கினர். 1926இல் இந்திய உயர் நீதிமன்றங்களுக்கு அவ்வதிகாரத்தை முறையாக அளித்தனர். ஆளும் இனத்தார்க்குக் கதவு அடைபட்டபோது அதனைத் திறக்கச் சில திங்களே ஆயின. ருக்மாபாய்களுக்கு அவ்வாறு நேரவில்லை.

இலங்கையில் பன்முக அதிகாரம் இன்றும் தொடர்கிறது. யாழ்ப்பாணத் தமிழர் உள்ளிட்ட பொதுமக்கள் மாவட்ட நீதிமன்றத்தை நாடவேண்டும். இசுலாமியர்க்குக் காதி நீதிமன்றங்கள் உள்ளன. கண்டிச் சட்டப்படி மணந்தவர்க்கு மாவட்டப் பதிவாளரே மணவிலக்கு அளிக்கிறார். ஒரு தீவில் மூன்று கதவுகள்.

தமிழகத்தின் வழி

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதலாவது மாகாண சுயமரியாதை மாநாடு, ஆண் பெண் இருபாலரும் தாம் விரும்பாத மண ஒப்பந்தத்தைக் கலைத்துக்கொள்ள உரிமை வேண்டும் எனத் தீர்மானித்தது. இந்திய அரசியல் மேடைகளில் இக்குரல் மிக அரிதாயிருந்த காலம் அது. பரோடா சமஸ்தானம் 1931இல் இந்துக்களுக்கு மணவிலக்குச் சட்டம் இயற்றியது. 1947இல் பம்பாயும், 1949இல் சென்னை மாகாணமும் தத்தம் சட்டங்களைக் கொண்டுவந்தன. 1955இல் இந்து திருமணச் சட்டம் இந்தியாவெங்கும் அவ்வுரிமையைப் பொதுவாக்கியது.

ஆயினும் மண அறுப்பைக் கேட்கும் மன்றம், முதலில் மணம் உண்டு என்பதை ஏற்கவேண்டும் அன்றோ? புரோகிதரும் தீயும் இன்றி நடந்த சுயமரியாதைத் திருமணம் செல்லாது என 1950களில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. செல்லாத மணத்திற்கு மணவிலக்கும் இல்லை. வாழ்க்கைப் பொருள் கேட்பதும் அரிது. 1967இல் அண்ணாவின் அரசு நிறைவேற்றிய சட்டத் திருத்தத்தின் பின்னரே அத்தம்பதியர்க்கு மன்றத்தின் வாசல் ஐயமின்றித் திறந்தது. திருமணத்தைச் செல்லுபடியாக்கிய சட்டமாகவே அதனைப் பலரும் நினைவுகூர்வர். அத்திருமணத்திலிருந்து முறைப்படி விடுபடும் வழியையும் அதுவே தந்தது என்பது எண்ணத்தக்கது.

மனைவி வாழும் ஊர்

இந்து திருமணச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, மனுவை எங்கே கொடுப்பது என்பதைக் கூறுகிறது. 1955இல் அது காட்டிய இடங்கள் இரண்டே: மணம் நடந்த ஊர், கணவனும் மனைவியும் சேர்ந்து வாழும், அல்லது கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர். அவ்வூர்மேல் அதிகாரமுள்ள மாவட்ட நீதிமன்றத்தை, அன்றி அரசு இதற்கென அறிவித்த நீதிமன்றத்தை நாடவேண்டும். தமிழகத்தில் சார்பு நீதிமன்றங்களும் இவ்வாறு அதிகாரம் பெற்றன.

இவ்விதியில் ஒரு சமூக உண்மை மறைந்து கிடந்தது. கல்யாணம் பெண்வீட்டில் நடப்பதா மாப்பிள்ளை வீட்டில் நடப்பதா என்பதைச் சாதி வழக்கமும் குடும்பத்தின் கைப்பொருளும் தீர்மானித்தன. யாரும் அறியாமலே அது, பின்னாளில் வழக்கு எங்கே நடக்கவேண்டும் என்பதையும் தீர்மானித்தது. மாப்பிள்ளை ஊரில் தாலி கட்டி, அவ்வூரிலேயே குடித்தனம் நடத்தி, அடி தாங்காது பிறந்த ஊர் திரும்பிய பெண், தான் தப்பிவந்த ஊருக்கே வாய்தாவுக்கு வாய்தா பேருந்து ஏறவேண்டியிருந்தது. துணைக்கு ஓர் ஆள், கைக்குழந்தை, ஒரு நாள் கூலி இழப்பு, நீதிமன்ற வளாகத்தில் எதிர்ப்படும் கணவன் வீட்டார் என அந்தப் பயணத்தின் பாரம் பெரிது. வாய்தாவுக்கு வராதவள்மேல் ஒருதலைத் தீர்ப்பு எழுதப்படுவதும் நேர்ந்தது.

1976ஆம் ஆண்டுத் திருத்தம் எதிர்மனுதாரர் வாழும் ஊரையும் சேர்த்தது. அதுவும் பெரும்பாலும் கணவன் ஊரே. 2003ஆம் ஆண்டுத் திருத்தம்தான் ஒரு சிறு உட்பிரிவைச் சேர்த்தது: மனைவி மனுதாரராயின், மனுக் கொடுக்கும் நாளில் அவள் எங்கே வாழ்கிறாளோ அவ்வூர் நீதிமன்றத்திலேயே கொடுக்கலாம். தனித் திருமணச் சட்டத்திலும் அவ்வாறே திருத்தப்பட்டது. ஒற்றை வரியில் அடங்கும் இத்திருத்தம் பற்றி மேடைகளில் முழக்கம் எழவில்லை. ஆனால் 1857 முதல் நடந்த எந்தச் சீர்திருத்தத்திற்கும் குறையாத மாற்றம் அது. கணவனின் தாயகத்தையும் கணவனின் ஊரையும் பின்தொடர்ந்து சென்ற அதிகார வரம்பு, முதன்முறையாக மனைவியின் வாசலைத் தேடி வந்தது.

கணவன் தொடுக்கும் வழக்கிற்கு அவ்வுட்பிரிவு பொருந்தாது. அந்நிலையில் வழக்கைத் தன் ஊருக்கு மாற்றித் தருமாறு மனைவி மேல்மன்றத்தை வேண்டலாம். மாநிலத்திற்குள் உயர் நீதிமன்றமும், மாநிலம் விட்டு மாநிலம் உச்சநீதிமன்றமும் அவ்வாறு மாற்றும் அதிகாரம் கொண்டவை.

1984ஆம் ஆண்டுக் குடும்பநல நீதிமன்றச் சட்டம் வேறொரு வகையில் தூரத்தைக் குறைக்க முயன்றது. 10 லட்சத்திற்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் இம்மன்றங்கள் கட்டாயம். மணவிலக்கு, வாழ்க்கைப் பொருள், குழந்தையின் பொறுப்பு ஆகியவை ஒரே கூரையின்கீழ் வந்தன. தீர்ப்புக்கு முன் சமரசம் பேசவேண்டும். வழக்கறிஞர் வைத்துக்கொள்வதை உரிமையாகக் கோர இயலாது, மன்றம் அனுமதிக்கவேண்டும் என விதிக்கப்பட்டது. இம்மன்றம் உள்ள இடத்தில் மாவட்ட, சார்பு நீதிமன்றங்களின் அதிகாரம் நீங்கும். ஆயின் உயர் நீதிமன்றத்தின் மூல அதிகாரம் நீங்கிவிடவில்லை என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு முடிவுகூறியது. மேல்முறையீடு உயர் நீதிமன்றத்தின் இருவர் அமர்வுக்குச் செல்லும். தென்மாவட்டத்தார்க்கு அதுவும் சென்னைப் பயணமாகவே இருந்தது. 2004 சூலையில் மதுரைக் கிளை திறந்தபின் அப்பயணம் சுருங்கியது.

இன்னும் ஓர் அதிகாரம் தில்லியில் மட்டும் உள்ளது. மீட்க முடியாதவாறு முறிந்துபோன மணம் என்ற ஒன்றையே காரணமாக்கி மணவிலக்கு அளிக்க, அரசியல் சட்டத்தின் 142ஆம் பிரிவின்படி தனக்கு அதிகாரம் உண்டு என 2023 மே திங்களில் உச்சநீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு அறிவித்தது. கீழுள்ள மன்றங்களுக்கு அவ்வதிகாரம் இல்லை.

கடல்கடந்த தீர்ப்புகள்

லெமெசூரியர் வழக்கின் நிழல் நம் காலத்தில் வேறு உருவில் தோன்றியது. 1975இல் திருப்பதியில் மணந்த ஒரு தம்பதியருள் கணவர், அமெரிக்காவின் மிசௌரி மாநில நீதிமன்றத்தில் மணவிலக்குப் பெற்று மறுமணம் செய்துகொண்டார். அத்தீர்ப்பு இந்தியாவில் செல்லாது என 1991இல் உச்சநீதிமன்றம் கூறியது. தம்பதியர் எந்தச் சட்டத்தின்கீழ் மணந்தனரோ, அச்சட்டம் ஏற்கும் மன்றமே, அச்சட்டம் ஏற்கும் காரணத்தின் மேல் மணத்தை அறுக்கவேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். மனைவி தானே முன்வந்து அயல்நாட்டு மன்றத்தை ஏற்று வாதாடினாலோ, மணவிலக்கிற்கு உடன்பட்டாலோ, அந்நாட்டிலேயே நிலையாக வாழ்ந்தாலோ மட்டும் விலக்குண்டு. வேலையின்பொருட்டு அயல்நாடு சென்றோர் இல்லங்களில், தபாலில் வந்த அயல்மொழித் தீர்ப்பொன்றைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்த பெண்களுக்கு அத்தீர்ப்பு ஓர் அரணாயிற்று.

அரசு மன்றத்திற்கு அப்பால்

சமய மன்றங்களுக்கும் அரசு மன்றங்களுக்கும் இடையிலான எல்லைக்கோடு இன்னும் வரையப்பட்டுக்கொண்டே இருக்கிறது. திருச்சபைத் தீர்ப்பாயம் ஒரு மணத்தைச் செல்லாதென அறிவித்தாலும், அரசுச் சட்டத்தின்முன் அது மணவிலக்கு ஆகாது என 1996இல் உச்சநீதிமன்றம் கூறியது. இங்கிலாந்து 1857இல் கடந்த படியை நினைவூட்டும் தீர்ப்பு இது.

இசுலாமியப் பெண்களின் வரலாறு தனித்துக் கூறத்தக்கது. கணவன் கைவிட்ட பெண், காஜியின் அதிகாரம் அருகிப்போன ஆங்கிலேயர் ஆட்சியில் விடுதலை பெற வழியின்றிச் சமயம் மாறத் துணிந்த நிகழ்ச்சிகள் நேர்ந்தன. இதனைக் கண்டு வருந்திய மௌலானா அஷ்ரஃப் அலி தானவி, பிற சட்டப் பள்ளிகளின் விதிகளை மேற்கொண்டு அப்பெண்களுக்கு வழிகாட்டும் நூல் எழுதினார். அக்கருத்தின் வழியே 1939இல் முஸ்லிம் மணமுறிவுச் சட்டம் எழுந்தது. இவ்வழக்குகளை இசுலாமிய நீதிபதியே கேட்கவேண்டும் என்று மசோதாவில் இருந்த விதி, சட்டம் நிறைவேறியபோது நீக்கப்பட்டது. எனவே உரிமை சமயநூலிலிருந்தும், மன்றம் அரசிடமிருந்தும் வந்தன. காஜியர் அளிக்கும் மணவிலக்குச் சான்று ஒரு கருத்துரை மட்டுமே, நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது என 2017 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. குலா கோரும் பெண் குடும்பநல நீதிமன்றத்தையே நாடவேண்டும் என 2023இல் அதே உயர் நீதிமன்றம் கூறிற்று. கேரள உயர் நீதிமன்றமோ, நீதிமன்றம் ஏறாமலே பெண் குலா பெறலாம் என 2021இல் ஏற்றிருந்தது. ஆரியங்காவுக் கணவாயின் இப்புறமும் அப்புறமும் ஒரே சொல்லுக்கு வெவ்வேறு வாசல்கள் அமைந்திருக்கின்றன.

இவ்வரலாற்றில் தூரம் எப்போதும் கற்களால் மட்டும் அளக்கப்பட்டதன்று. பணம், மொழி, சமயம், கணவனின் தாயகம், நாடாளுமன்றத்தின் படிக்கட்டு என அது பல உருக்கொண்டது. ஒவ்வொரு முறையும் அத்தூரம் குறைந்தபோது, அதற்குமுன் யாரோ ஒருவர் எழுதியிருந்தார். அல்லது யாரோ ஒருத்தி செல்ல மறுத்திருந்தாள். கரோலின் நார்ட்டனின் கடிதமும், பெயர் மறைத்த ருக்மாபாயின் கட்டுரைகளும், செங்கல்பட்டின் தீர்மானமும் சட்டமாகும் முன்பே மொழியாக இருந்தவை.

'மனைவி வாழும் ஊர்' என்பது 2003 முதல் சட்டத்தின் தொடர். அத்தொடரை ஒரு மனுவின் தலைப்பில் எழுதிக் கையொப்பமிடும் பெண், தன் மாமியார் வீட்டையன்று, தன் கணவனின் நாட்டையன்று, தான் நிற்கும் மண்ணையே தன் முகவரியாகக் குறிக்கிறாள். பெண்ணின் ஊர் எது என்ற பழைய கேள்விக்குப் பிறந்தகம் என்றும் புகுந்தகம் என்றும் இரு விடைகளே தமிழில் நெடுங்காலம் வழங்கின. நீதிமன்றத்தின் வறண்ட உட்பிரிவு ஒன்று மூன்றாவது விடையை எழுதியிருக்கிறது. அதற்கொரு நல்ல தமிழ்ச் சொல்லைத் தேடித் தருவது கவிஞர்களின் கடன்.